ஒரே பாறையில் கிடைத்தால் ஒரே ஊர் ஆகுமா? டைனோசர் உணவு வலையை வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக் கண்காட்சிக்கோ, அருங்காட்சியகப் பலகைக்கோ டைனோசர் வாழிடம் ஒன்றை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் விலங்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நடுவில் வாயைப் பிளந்த பெரிய ஊனுண்ணி, சுற்றிலும் மிரண்டு ஓடும் தாவர உண்ணிகள். மரமும் ஆறும் மிச்சமிருக்கும் இடத்தில் செருகப்படும். இப்படிப் போனால் பிழை எங்கே நுழைந்தது என்றே தெரியாது.

இங்கே வரிசை தலைகீழ். முதலில் காலம், அடுத்து நிலம், அடுத்து செடிகொடி, அதைத் தின்றவை, கடைசியில்தான் அவற்றைத் தின்றவை. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் எதை வரையக் கூடாது என்று சொல்லிவிடும்.

எடுத்துக்காட்டாகக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள டைனோசர் பார்க் பாறைத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். பாறைத்தொகுதி என்றால் ஒரு பகுதியில், ஒரு காலகட்டத்தில் படிந்த பாறை அடுக்குகளின் தொகுப்பு. முழு எலும்புக்கூடுகள், பல விலங்குகளின் எலும்புகள் ஒன்றாகக் குவிந்த எலும்புப் படுகைகள், பல் பதிந்த எலும்புகள், வயிற்றில் இரையோடு கிடைத்த விலங்கு என்று எல்லா வகைச் சான்றும் இங்கே உண்டு. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் குறைவு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏ3 அளவில் கட்டமிட்ட தாள்கள் மூன்று: காலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, எது எதைத் தின்றது என்று காட்டும் அம்புக்குறிகளுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே தாளில் போட முயல வேண்டாம். அடித்து எழுதி எழுதி, எது முடிவு, எது யூகம் என்று உங்களுக்கே குழம்பிவிடும்.

ஒரு விரிதாள். அதில் பெயர், அடுக்கு, வளர்ந்த விலங்கின் நீளம், எடை, வாய் எட்டும் உயரம், பல்லின் வகை, சான்று என்று ஏழு பத்திகள். சான்றுப் பத்தி காலியாக இருக்கும் விலங்கைப் படத்தில் வைக்கலாம். அதற்கு அம்பு மட்டும் போடக் கூடாது.

பழைய பெயர், புதிய பெயர்ப் பட்டியல் ஒன்று. இதை விட்டவர்கள் ஒரே விலங்கை இரண்டு முறை வரைந்துவிடுகிறார்கள். பழைய நூல்களில் ஆல்பர்ட்டோசாரஸ் லிப்ரேட்டஸ் என்று இருப்பது இன்றைய கோர்கோசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி. இந்தப் பாறையில் கிடைத்த பெரிய பறக்கும் ஊர்வனவற்றை முன்பு கெட்சல்கோட்லஸ் கணக்கில் சேர்த்திருந்தார்கள். 2019-இல் அதற்கு க்ரையோட்ராகன் என்று தனிப்பெயர் வந்தது. பறவை போன்ற சிறு டைனோசர் ஒன்றுக்குச் சிடிபெஸ் என்ற பெயர் 2020-இல்தான் வந்தது. ஆக, நூல் அச்சான ஆண்டைப் பார்க்காமல் பட்டியலை நகலெடுக்காதீர்கள்.

1. ஒரே ஒரு பாறைத்தொகுதியைத் தேர்ந்தெடுங்கள்

"கிரெட்டேசியஸ் காலம்" என்று தலைப்பிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. அந்தக் காலம் ஏறத்தாழ 8 கோடி ஆண்டு நீளம். டைனோசர் பார்க் பாறைத்தொகுதி சுமார் 7.65 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 7.44 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிகிறது. டைரனோசாரஸ் ரெக்ஸும் டிரைசெராடாப்ஸும் வாழ்ந்தது 6.6 கோடி ஆண்டுகளை ஒட்டி. நடுவில் பல லட்சம் ஆண்டுகள் இல்லை, எண்பது லட்சம் ஆண்டுகள் இருக்கின்றன.

இந்தப் படியில் நடக்கும் வழக்கமான பிழை இதுதான்: பெரிய டைரனோசர் வேண்டும் என்று ரெக்ஸைக் கொண்டுவந்து, கொம்புள்ள தாவர உண்ணியான சென்ட்ரோசாரஸ் பக்கத்தில் நிறுத்துவது. இந்தப் பாறையில் ரெக்ஸ் இல்லை. அதன் உறவினர்களான கோர்கோசாரஸும் டாஸ்பிளெட்டோசாரஸும் இருக்கின்றன. அதே ஆல்பர்ட்டாவில் கிடைப்பதால் ஆல்பர்ட்டோசாரஸ் சார்கோஃபேகஸும் இதில் சேரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இன்னொரு பாறைத்தொகுதி, பிந்தைய காலம்.

2. காலத்தை அடுக்கடுக்காகப் பிரியுங்கள்

முதல் தாளை எடுத்து, நெடுக்கில் 21 செ.மீ. கோடு ஒன்று போடுங்கள். ஒரு செ.மீ. ஒரு லட்சம் ஆண்டு. அடியில் 7.65 கோடி, உச்சியில் 7.44 கோடி. இப்போது ஒவ்வொரு விலங்கையும் அது கிடைக்கும் உயரத்தில் பட்டையாக வரையுங்கள்.

வரைந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். சென்ட்ரோசாரஸும் வாத்துவாய் டைனோசரான கோரிதோசாரஸும் கீழ் அடுக்குகளில் இருக்கின்றன. கொம்புள்ள ஸ்டைராகோசாரஸும் வாத்துவாயான ப்ரோசாரோலோபஸும் மேல் அடுக்குகளில். இன்னொரு வாத்துவாயான லாம்பியோசாரஸ் லாம்பியையும் மேல் பக்கத்துக் கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். கொம்புள்ள சென்ட்ரோசாரஸும் ஸ்டைராகோசாரஸும் ஒரே புல்லுக்குப் போட்டியிட்டதாக எழுதுவதில் இரண்டு தவறு. அங்கே புல்லே இல்லை என்பதை அடுத்த படியில் பார்ப்போம். அதற்கு முன், அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதாகவே சொல்ல வழியில்லை. ஒன்று போன இடத்தில் இன்னொன்று வந்தது.

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் தாவர உண்ணிகளின் பட்டியல் ஊதிப் பெரிதாகும். "இவ்வளவு பெரிய விலங்குகள் எப்படி ஒன்றாகப் பிழைத்தன" என்று வியப்பவர்களின் வியப்பில் பாதி இங்கேயே கரைந்துவிடும். பாதிதான், மீதிக்கு உண்மையான விடை தேட வேண்டும். ஒரே அடுக்குக்குள்ளேயே கொம்பு டைனோசர்கள், வாத்துவாய் டைனோசர்கள், கவச டைனோசர்கள் என மூன்று பெரிய குடும்பங்கள் இருந்திருக்கின்றன.

ஊனுண்ணியான கோர்கோசாரஸ் இந்தப் பிரிவைத் தாண்டி மேலும் கீழும் நீள்கிறது. அதற்கு நீண்ட பட்டை போடுங்கள். சிறு விலங்குகளுக்கு மாதிரிகள் குறைவு என்பதால் அடுக்கை அறுதியிட முடியாது. அவற்றை மெல்லிய கோட்டால் இரண்டு பக்கமும் நீட்டி வையுங்கள். பிறகு ஒரே ஓர் இடத்தில் குறுக்குக்கோடு ஒன்று இழுங்கள். அந்தக் கோடு தொடும் பட்டைகள் மட்டும்தான் உங்கள் படத்துக்குள் வரும். இந்த வழிகாட்டியின் மீதிக்குக் கோடு கீழ்ப்பகுதியில், 7.6 கோடியில் நிற்கட்டும்.

3. நிலத்தையும் செடிகளையும் போடுங்கள்

மேற்கே உயர்ந்த நிலம், கிழக்கே வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுக் கடல். நடுவில் தாழ்வான கடலோரச் சமவெளி. வளைந்து ஓடும் ஆறுகள், மணல் திட்டு, சேறு, சதுப்பு. பாறைத்தொகுதியின் மேலே போகப் போகக் கடல் நெருங்கி வந்து, உச்சியில் நிலக்கரி அடுக்குகள் வருகின்றன. ஆகையால் மேல் அடுக்கை வரைபவர்கள் சதுப்பைக் கூட்டிப் போட வேண்டும். கீழ் அடுக்குக்கு ஆற்று மணலைக் கூட்டினால் சரியாக இருக்கும்.

செடிகளில் ஊசியிலை மரங்கள், கிங்கோ, பெரணி, பூக்கும் செடிகள் போடலாம். புல்வெளி போடக் கூடாது. பச்சைத் தரை என்றால் கை தானாகவே புல்லை வரைந்துவிடும்; பெரணியும் குட்டைச் செடியும்தான் இங்கே தரைவிரிப்பு. (டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று எழுதுவதும் தவறு. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த சாணப் புதைபடிவங்களில் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005-இல் காட்டினார்கள். அது இந்தியா, பல பத்து லட்சம் ஆண்டுகள் பின்னால். ஆல்பர்ட்டாவுக்கு அதைக் கடன் வாங்க முடியாது.)

இந்தப் படியில்தான் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: விலங்கு செத்த இடம் வாழ்ந்த இடமா? ஆல்பர்ட்டாவில் கிடைத்த கவச டைனோசர்களைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வு ஒன்று 36 மாதிரிகளில் 26 மல்லாந்து கிடந்ததைக் காட்டியது. செத்த உடல் உப்பி, தண்ணீரில் மிதந்து, கனத்த முதுகு கீழாகத் திரும்பி, அப்படியே ஒதுங்கியதுதான் பொருத்தமான விளக்கம். அதாவது, ஆற்று மணலில் கிடைத்த யூவோப்ளோசெபாலஸ் என்ற கவச டைனோசர் ஆற்றங்கரையில் மேய்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நாடோடித்தனத்தையும் அளவோடு வையுங்கள். வாத்துவாய் டைனோசர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடம்பெயர்ந்ததாகப் பழைய நூல்கள் எழுதின. இந்தப் பாறையின் ஒரு வாத்துவாய் டைனோசர் பல்லில், மேய்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமத்தை அளந்து 2020-இல் வெளியான ஆய்வு, சுமார் 80 கி.மீ. அளவிலான நடமாட்டத்தைத்தான் காட்டியது. ஊனுண்ணிகளை ஆண்டில் பாதி நாள் பட்டினி போட வேண்டிய தேவை இல்லை.

4. தாவர உண்ணிகளை வாய் எட்டும் உயரத்தில் நிறுத்துங்கள்

இரண்டாவது தாள். அளவு 1:50, அதாவது ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. தரைக்கோட்டிலிருந்து 2 செ.மீ., 4 செ.மீ., 10 செ.மீ. உயரங்களில் மூன்று கிடைக்கோடுகள் இழுங்கள். இவை முறையே 1 மீட்டர், 2 மீட்டர், 5 மீட்டர்.

கொம்பு டைனோசர்களும் கவச டைனோசர்களும் ஏறத்தாழ 1 மீட்டருக்குக் கீழேயே மேய்ந்தன. வாத்துவாய் டைனோசர்கள் நான்கு காலில் நின்றால் 2 மீட்டர் வரை, பின்னங்காலில் எழுந்தால் 5 மீட்டர் வரை எட்டும். இந்தப் பாறைத்தொகுதியின் விலங்குகளையே அளந்து 2013-இல் வந்த கணக்கு இது.

இந்த எண்களைப் பார்த்ததும் "கீழ்த்தட்டு கொம்பனுக்கு, மேல்தட்டு வாத்துவாய்க்கு" என்று பங்கு பிரித்துவிடாதீர்கள். எட்டும் உயரம் ஓர் உச்சவரம்பு. வாத்துவாய் டைனோசர் குனிந்து பெரணியும் தின்னும். மேலே ஒதுங்க இடமிருந்தது அவற்றுக்கு மட்டும்தான். கீழே கூட்டம் எல்லோருக்கும். வரைபடத்தில் வாத்துவாய்க்குத் தரையிலிருந்து 10 செ.மீ. வரை முழு நீளப் பட்டை, மற்ற இரண்டுக்கும் 2 செ.மீ. பட்டை. அப்படிப் போட்டால்தான் போட்டி எந்தத் தட்டில் நெருக்கமாக இருந்தது என்று தெரியும்.

குட்டிகளை மறந்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. வளர்ந்த கோரிதோசாரஸ் 8 மீட்டர் நீளம். அதன் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்தபோது கொம்பனின் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரே இனம் வாழ்நாளில் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறுகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் குட்டி, இளசு, பெரியது என மூன்று பட்டை போடுங்கள்.

5. ஒரே உயரத்தில் நிற்பவற்றை வாயால் பிரியுங்கள்

1 மீட்டருக்குக் கீழே கொம்பு டைனோசரும் கவச டைனோசரும் ஒன்றாக நிற்கின்றன. இவற்றைப் பிரிப்பது பல்லும் அலகும்.

கொம்பு டைனோசரின் பல்வரிசை கத்தரி மாதிரி. மேல்வரிசையும் கீழ்வரிசையும் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக உரசி நறுக்கும். அலகு குறுகல். கடினமான, நாருள்ள செடிகளைக் கொத்தி எடுத்து நறுக்க ஏற்ற அமைப்பு. வாத்துவாய் டைனோசரின் பற்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கி அடுக்கப்பட்டு, அம்மிக்கல் போல அரைக்கும் தளமாகின்றன. கவச டைனோசருக்குச் சின்ன இலை வடிவப் பற்கள். அதற்காக மென்மையானதை மட்டும் தின்றது என்று முடிவுகட்டக் கூடாது, தாடை அசைவு எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. கவசக்காரர்களுக்குள்ளேயும் எட்மன்டோனியா வகைக்கு அலகு குறுகல், யூவோப்ளோசெபாலஸ் வகைக்கு அகலம். அகல வாய் அள்ளித் தின்னும், குறுகிய வாய் பொறுக்கித் தின்னும். மாடும் ஆடும் ஒரே வேலியோரம் மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். கொம்பு டைனோசர் குடும்பத்துக்குள்ளேயே, சென்ட்ரோசாரஸுக்கும் காஸ்மோசாரஸுக்கும் இடையே, மண்டையோட்டு அளவுகளில் உணவு வேறுபாட்டை உறுதியாகக் காட்ட முடியவில்லை. அவற்றைச் சேர்த்தே ஒரு கட்டத்தில் போடுங்கள். கொம்பும் கழுத்துத் தகடும் வேறுவேறாக இருப்பதால் சாப்பாடும் வேறு என்று எழுதுவது பிழை. அவை தின்னும் உறுப்புகள் அல்ல.

6. ஊனுண்ணிகளை எடைப்படி வரிசைப்படுத்துங்கள்

விரிதாளில் ஊனுண்ணிகளை எடை வாரியாக அடுக்கினால் நடுவில் பெரிய ஓட்டை தெரியும். கீழ்முனையில் சௌரோர்னிதோலெஸ்டெஸ், ட்ரோமியோசாரஸ், ட்ரூடான்டிட் வகைகள். இவை சில பத்துக் கிலோ. மேல்முனையில் கோர்கோசாரஸும் டாஸ்பிளெட்டோசாரஸும், டன் கணக்கில். 100 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் நடுவில் வளர்ந்த நிலையில் நிற்கும் ஊனுண்ணி இனம் ஒன்றுகூட இல்லை.

புதியவர்கள் இந்த ஓட்டையை நிரப்ப வேறு பாறையிலிருந்து ஒரு விலங்கைக் கொண்டுவருகிறார்கள். கொண்டுவர வேண்டாம். ஓட்டையில் ஏற்கனவே ஆள் இருக்கிறது: இளம் டைரனோசர்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வு 43 டைனோசர் கூட்டங்களை, 550-க்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டு, பெரிய ஊனுண்ணிகள் வாழ்ந்த இடங்களில் எல்லாம் இதே நடுத்தட்டு இல்லாமல் இருப்பதைக் காட்டியது. சிங்கக்குட்டிக்குத் தாய் ஊட்டுகிறது. அதனால் நடுத்தட்டில் சிறுத்தைக்கும் கழுதைப்புலிக்கும் இடம் கிடைக்கிறது. முட்டையிலிருந்து சில கிலோவாக வெளிவந்து பல ஆண்டுகள் வளர்ந்த டைரனோசர், போகும் வழியில் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது.

ஆகவே கோர்கோசாரஸை ஒரே விலங்காக விரிதாளில் எழுதாதீர்கள். மெலிந்த கால், கத்தி போன்ற பற்கள் உள்ள இளசு ஒரு வரி. அகன்ற மண்டையும் தடித்த பற்களும் உள்ள பெரியது இன்னொரு வரி. இரண்டும் ஒரே பெயரில் இரு தொழில் செய்தவை.

கோர்கோசாரஸையும் டாஸ்பிளெட்டோசாரஸையும் பிரிக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. "மெலிந்த கோர்கோசாரஸ் வாத்துவாயை வேட்டையாடியது, தடித்த டாஸ்பிளெட்டோசாரஸ் கொம்பனோடு மோதியது" என்ற வாசகம் பல நூல்களில் உறுதியான செய்தி போல வரும். கேட்க அழகாக இருக்கிறது, எலும்பு அப்படிச் சொல்லவில்லை. மொன்டானாவின் டூ மெடிசின் பாறைத்தொகுதியில் டாஸ்பிளெட்டோசாரஸ் ஒன்றோடு, வயிற்று அமிலம் அரித்த எலும்புகள் கிடைத்தன. அவை இளம் வாத்துவாய் டைனோசருடையவை.

7. அம்புக்குறிகளைச் சான்றின் தரப்படி போடுங்கள்

மூன்றாவது தாள். நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மற்றதெல்லாம் இதற்கான தயாரிப்பு. எல்லா அம்பும் ஒரே தடிமனில் இருந்தால் படம் பொய் சொல்லும். நான்கு தரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தரம், தடித்த கோடு: வயிற்றுக்குள் இரை. 2023-இல் வெளியான இளம் கோர்கோசாரஸ் இதற்கு முழு எடுத்துக்காட்டு. வயது 5 முதல் 7, எடை சுமார் 335 கிலோ. அதன் வயிற்றுப் பகுதியில் சிடிபெஸ் என்ற பறவை போன்ற சிறு டைனோசரின் குட்டிகள் இரண்டின் பின்னங்கால்கள். எடையைக் கவனியுங்கள்: போன படியில் பார்த்த ஓட்டைக்குள் சரியாக விழுகிறது. அம்பு "இளம் கோர்கோசாரஸ்" வரியிலிருந்து "சிடிபெஸ் குட்டி" வரிக்குப் போக வேண்டும். வளர்ந்த கோர்கோசாரஸிலிருந்து வளர்ந்த சிடிபெஸுக்குப் போட்டால் சான்றைத் திரித்ததாகும்.

இரண்டாம் தரம், மெல்லிய முழுக்கோடு: ஆறிய காயம். கடிபட்ட எலும்பு மீண்டும் வளர்ந்திருந்தால், கடிபட்டபோது இரை உயிரோடு இருந்தது, தப்பியும் விட்டது. அதாவது தாக்குதல் நடந்தது உறுதி. டைரனோசாரஸ் ரெக்ஸ் கிடைக்கும் ஹெல் க்ரீக் பாறைத்தொகுதியில் எட்மன்டோசாரஸ் என்ற வாத்துவாய் டைனோசரின் வால் எலும்பில் டைரனோசாரஸ் பல் குத்தி நின்று, சுற்றிலும் எலும்பு வளர்ந்து மூடிய மாதிரி 2013-இல் விவரிக்கப்பட்டது. இது எப்படிப்பட்ட சான்று என்று புரிந்துகொள்ள மட்டும். ஹெல் க்ரீக் வேறு காலம், உங்கள் தாளில் அந்த அம்பு வராது.

மூன்றாம் தரம், இடைவெளிக் கோடு: ஆறாத பல்தடம். தின்றது உறுதி, கொன்றது உறுதியில்லை. டைனோசர் பார்க் எலும்புகளை எண்ணி 1998-இல் வந்த ஆய்வின்படி, பல்தடம் இருந்தது வாத்துவாய் எலும்புகளில் 14 சதவீதம், கொம்பு டைனோசர் எலும்புகளில் 5 சதவீதம், டைரனோசர் எலும்புகளில் 2 சதவீதம். இதை வைத்து "வாத்துவாயே பிடித்த உணவு" என்று எழுதிவிடலாமா? அவசரம் வேண்டாம். கொம்பு டைனோசர் எலும்புகளில் பெரும்பங்கு கூட்டமாகச் செத்த எலும்புப் படுகைகளில் கிடைக்கிறது. ஹில்டா என்ற இடத்தில் 2.3 சதுர கி.மீ. பரப்பில் 14 சென்ட்ரோசாரஸ் படுகைகள் இருக்கின்றன, வெள்ளத்தில் மாண்ட ஒரே பெருங்கூட்டம் என்பது அதற்கான விளக்கம். ஒரே நாளில் அத்தனை பிணம் ஒதுங்கினால் எந்த ஊனுண்ணிக் கூட்டமும் ஒவ்வோர் எலும்பையும் கடித்து முடிக்காது. விகிதம் தானாகவே குறைந்துவிடும்.

சௌரோர்னிதோலெஸ்டெஸின் பல் முனை உடைந்து நின்ற பறக்கும் ஊர்வனவின் கால் எலும்பும் இந்தத் தரம்தான். அது பெரிய உடல் உள்ள விலங்கு. சின்ன ஊனுண்ணி அதைத் துரத்திப் பிடித்ததாக வரைவதைவிட, கிடந்த உடலைக் குதறியதாக வரைவது சான்றுக்குள் நிற்கும்.

நான்காம் தரம், புள்ளிக்கோடு: பல், உடல் அளவு, வேகம் ஆகியவற்றை வைத்து நாம் செய்யும் ஊகம். வளர்ந்த கோர்கோசாரஸிலிருந்து இளம் சென்ட்ரோசாரஸுக்கு அம்பு போடுவது நியாயம், ஆனால் புள்ளிக்கோட்டில்.

பல்தடம் என்று நினைத்து ஏமாறும் இடங்கள் சில. மிதிபட்டு மணலில் உரசிய எலும்பில் ஆழமில்லாத, மெல்லிய கீறல்கள் பலவாக இருக்கும். முதலையின் கடி குழி விழுந்து, குழியின் நடுவே பல் முகட்டின் கோடு ஓடும். இந்த ஆறுகளில் லெய்டியோசூக்கஸ் முதலைகள் இருந்தன என்பதை மறக்க வேண்டாம். டைரனோசர் பல் எலும்பில் இழுபட்டால் நீண்ட பள்ளமும், சில சமயம் ரம்ப விளிம்பின் இணைக்கோடுகளும் விழும். ரம்பப் பல்லின் இடைவெளியை அளந்தால் யார் கடித்தது என்று சுருக்க முடியும். டைரனோசருக்கு அது பரும்படி, சௌரோர்னிதோலெஸ்டெஸுக்கு நுணுக்கம்.

இன்னொன்று. டைரனோசர் முகங்களில் ஆறிய கடித்தழும்புகள் நிறைய. இவை தம் இனத்தோடு போட்ட சண்டையின் அடையாளம். இதைப் பார்த்து கோர்கோசாரஸிலிருந்து கோர்கோசாரஸுக்கே உணவு அம்பு போடுகிறார்கள். சண்டைக்கு வேறு நிறம் வையுங்கள்.

8. எண்ணிக்கையைச் சமன்படுத்துங்கள்

அம்பு சரியாக இருந்தாலும் தலை எண்ணிக்கை தவறினால் படம் கெடும். ஊனுண்ணிகளை அதிகமாகப் போடுவது எல்லோருக்கும் வரும் ஆசை.

இன்றைய ஊனுண்ணிப் பாலூட்டிகளில், சுமார் 10,000 கிலோ இரை விலங்கு இருந்தால் 90 கிலோ ஊனுண்ணி பிழைக்கும் என்பது 2002-இல் வந்த கணக்கு. ஒரு கோர்கோசாரஸுக்கு 2,500 கிலோ என்று வையுங்கள். 2,500-ஐ 90-ஆல் வகுத்து 10,000-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,78,000 கிலோ இரை. கோரிதோசாரஸ் ஒன்று 3,000 கிலோ என்றால் 90-க்கும் சற்று மேற்பட்ட தலைகள். டைரனோசரின் உடல் பாலூட்டி அளவுக்கு எரிபொருள் கேட்கவில்லை என்று பாதியாகக் குறைத்தாலும், ஒன்றுக்குச் சுமார் 46 வருகிறது. பத்துத் தாவர உண்ணி உள்ள படத்தில் மூன்று கோர்கோசாரஸ் நிற்கலாம், அது அன்றாடக் காட்சியாக அல்ல, பிணம் ஒன்றைச் சுற்றிய கூட்டமாக இருந்தால்.

தாவர உண்ணிகளுக்குள்ளும் விகிதம் உண்டு. உடல் எடை 10 மடங்கு குறைந்தால் எண்ணிக்கை சுமார் 5.6 மடங்கு கூடும், 100 மடங்கு குறைந்தால் சுமார் 32 மடங்கு. இந்தப் பொதுவிதியைக் கையில் வைத்துக்கொண்டு புதைபடிவப் பட்டியலைப் பார்த்தால் சின்ன விலங்குகள் அங்கே அநியாயத்துக்குக் குறைவு. காரணம் அவை வாழவில்லை என்பதல்ல. இந்தப் பாறைத்தொகுதியில் 60 கிலோவுக்குக் கீழ்ப்பட்ட விலங்குகளின் எலும்புக்கூடு முழுதாகக் கிடைப்பது அரிது. ஆறு உருட்டி உடைத்துவிட்டது, மிச்சத்தைத் தின்றுவிட்டார்கள். ஸ்டெகோசெராஸ் போன்ற சிறு தாவர உண்ணிகளைப் பட்டியலில் உள்ளதைவிடத் தாராளமாகப் படத்தில் போடுங்கள்.

உதிர்ந்த பல்லை எண்ணி விலங்கை எண்ணாதீர்கள். ஊனுண்ணி டைனோசர்களுக்குப் பல் வாழ்நாள் முழுவதும் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. ஒரே விலங்கு ஏராளமான பற்களை உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். வேர் கரைந்த பல் உதிர்ந்தது. வேரோடு இருக்கும் பல் செத்த தாடையிலிருந்து வந்தது. ஓர் எலும்புப் படுகையில் வேரில்லாத டைரனோசர் பற்கள் மட்டும் கிடைத்தால், அங்கே டைரனோசர் சாப்பிட்டது, சாகவில்லை.

9. இப்போதுதான் ஓவியம்

மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையை முதலில் வரையுங்கள், பிறகு செடி, பிறகு பெரிய தாவர உண்ணிகள், சிறியவை, கடைசியில் ஊனுண்ணி. ஊனுண்ணிக்கு இடம் பற்றாமல் அது ஓர் ஓரத்தில் பாதி மறைந்து நின்றால் நல்லது. வளர்ந்த, ஆரோக்கியமான சென்ட்ரோசாரஸ் மீது அது பாயும் காட்சியைத் தவிருங்கள். இன்றும் வேட்டை விலங்குகள் குட்டி, கிழடு, நொண்டி என்றுதான் தேடிப் போகின்றன. எலும்புகளில் இளசுகள் எண்ணிக்கைக்குக் குறைவாகக் கிடைப்பதற்கு, அவை முழுதாக விழுங்கப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கூடுகளை இந்தப் படத்தில் சேர்ப்பவர்கள் டெவில்ஸ் கூலி என்ற இடத்தின் முட்டைகளைப் பார்த்து வரைகிறார்கள். அவை ஹைபக்ரோசாரஸ் என்ற வாத்துவாய் டைனோசரின் முட்டைகள், கிடைத்தது கீழே உள்ள ஓல்ட்மன் பாறைத்தொகுதியில். கூட்டின் வடிவத்துக்கு மாதிரியாகப் பார்க்கலாம், பெயரைக் கொண்டுவரக் கூடாது.

பலகையின் அடியில் இடம், காலம், அடுக்கு மூன்றும் எழுதுங்கள்: "ஆல்பர்ட்டா, கனடா, சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர் பார்க் பாறைத்தொகுதியின் கீழ்ப்பகுதி." அதற்குக் கீழே நான்கு வகைக் கோடுகளுக்கும் விளக்கம். இடம் குறைவு என்றால் விலங்குகளின் நீளம், எடை விவரத்தை வெட்டுங்கள். கோடுகளின் விளக்கத்தை வெட்டாதீர்கள். ஒரு விலங்கின் பெயர் அடுத்த ஆண்டு மாறினால் அதன் மேல் சீட்டு ஒட்டிக்கொள்ள வசதியாகப் பெயர்களை ஓவியத்துக்குள் எழுதாமல் ஓரத்தில் எண்ணிட்டு எழுதுங்கள்.